கனவுக் கேமராவும் கையிலிருக்கும் காசும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கக் கூடுகை விழாவில், 1985–88ஆம் ஆண்டு அணியின் சார்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே தரப்பட்டுள்ளது.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'குறைந்த செலவில் நிறைந்த ஒளிப்படம்'. கொடுத்த நேரம் இருபது நிமிடம். நான் கலைஞன் அல்ல. முப்பத்துநாலு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன். கடன் கேட்டு வருகிறவரிடம் 'எவ்வளவு வேணும்?' என்று கேட்பதற்கு முன்னால் 'எதுக்கு வேணும்?' என்று கேட்பது எங்கள் தொழில் தர்மம். கேமரா வாங்கப் போகிறவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான். அதைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஒரு கதை பாக்கியிருக்கிறது. அது என் கதை அல்ல, என் அறைத் தோழன் கதை.

அவன் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அணியினருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு 'லென்ஸ்காரன்' என்றால் போதும், விடுதியில் அவனுக்கு அதுதான் பெயர். 1987இல் அவன் ஒரு லென்ஸ் வாங்கினான். நிக்கான் 105 மில்லிமீட்டர், எஃப் 2.5. சென்னை பர்மா பஜாரில் செகண்ட்ஹேண்டாக, இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். இரண்டு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. வேடிக்கை என்னவென்றால், அந்த லென்ஸை மாட்ட அவனிடம் கேமரா கிடையாது! அவன் அப்பா விடுதிக்கே வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும், "மாட்ட வாங்காம கயித்த மட்டும் வாங்கிட்டு வந்திருக்கானே, இவன என்ன செய்யட்டும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கேமரா எங்கிருந்து வந்தது? ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டூடியோ. அந்த அண்ணாச்சியிடம் ஒரு நிக்கான் எஃப்எம் இருந்தது. முகூர்த்த நாட்களில் இவன் போய்ப் பந்தியையும் கூட்டத்தையும் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை கேமரா இவன் கையில். பிலிம்? ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிம். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. ஒரு சுருளில் முப்பத்தாறு படம். அந்த முப்பத்தாறையும் அவன் மூன்று மாதம் வைத்து எடுப்பான். ஒரு படம் எடுக்கும் முன் ஒன்பது தடவை யோசிப்பான். "ஏலே, ஒரு போட்டோ புடியேன்லே" என்று நாங்கள் கெஞ்சினால், "உன் மூஞ்சிக்கு ஒரு பிரேம் செலவாகும்ல" என்பான்.

ஆனால் விடுதி சமையல் மாஸ்டருக்கு மட்டும் ஒரு பிரேம் செலவு செய்தான். அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தில், தோளில் துண்டோடு, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மாஸ்டர் நிற்கிற படம். 1996இல் மாஸ்டர் காலமானபோது அவர் வீட்டில் தேடிப் பார்த்தார்கள். ரேஷன் கார்டு உண்டு, படம் இல்லை. அன்று மாலை போட்டு வைக்க அவர் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே படம் இவன் எடுத்ததுதான். கேமரா இரவல், பிலிம் பாதி விலை, லென்ஸ் பழசு. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது விலை போட முடியாத படம்.

2022இல் நம் லென்ஸ்காரன் நம்மை விட்டுப் போனான். அடுத்த வருஷம் அவன் நினைவாக எங்கள் அணி சேர்த்த தொகை 1,50,000 ரூபாய். கல்லூரி ஒளிப்படக் கழகத்துக்குக் கருவிகள் வாங்கித் தருவது என்று தீர்மானம். அவன் மனைவி, இங்கே வந்திருக்கிறார்கள், பீரோவைத் திறந்து அந்த 105 லென்ஸை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். "அண்ணே, இதையும் பிள்ளைங்ககிட்டேயே குடுத்துருங்க. இங்க இருந்தா நான் அதையே பாத்துட்டு இருப்பேன்" என்றார்கள். அதற்கு மேல் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

இனிமேல்தான் சண்டை.

எங்கள் அணியில் ஒருவர், பெங்களூரில் நல்ல பதவியில் இருந்தவர், "வாங்குறதுதான் வாங்குறோம், ஒண்ணே ஒண்ணு, உசத்தியா வாங்குவோம். புது மிர்ரர்லெஸ், புல் பிரேம். அவன் பேரைச் சொல்லி நிக்கணும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. புதிய மிர்ரர்லெஸ் கேமராக்கள் ஆளின் கண்ணைத் தானே கண்டுபிடித்துக் குவிக்கும், சத்தமில்லாமல் எடுக்கும், வீடியோவும் பிரமாதம். பழைய நிக்கான் லென்ஸைக்கூட அடாப்டர் போட்டு மாட்டலாம். நான் என்ன சொன்னேன் என்றால், "கழகத்துல இருபத்திரண்டு பிள்ளைங்க. அம்புட்டு விலை கொடுத்த ஒரே கேமராவை யாராவது கையில குடுப்பாங்களா? பீரோவுலதான் இருக்கும்" என்றேன். நாங்கள் படித்தபோதும் துறையில் ஒரு நல்ல கேமரா இருந்தது. ஆண்டு விழா அன்று மட்டும் தரிசனம் தரும், மற்ற நாளெல்லாம் பூட்டுக்குள். பூட்டி வைத்த கேமரா படம் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

இரண்டு மாதம் பேச்சு முடியவில்லை. நண்பர் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். கடைசியில் இரண்டு பேரும் அதே ஸ்டூடியோ அண்ணாச்சியிடம் போனோம். எண்பதைத் தாண்டியவர். கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். இருவர் வாதத்தையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"கேமராங்கிறது ஒரு பெட்டி வே. லென்ஸுங்கிறது அதுல ஒரு ஓட்டை. ஓட்டை வழியா வாரது வெளிச்சம். மூணுல எது ஓசி? வெளிச்சம். மொதல்ல ஓசியில கெடைக்கிறத பாக்கப் படிக்கட்டும். அப்புறம் ஓட்டைக்குச் செலவு பண்ணுங்க. பெட்டிக்குக் கடைசியா."

மாணவச் செல்வங்களே, இந்த நாலு வாக்கியத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

புல் பிரேம் சென்சாரின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மி.மீ. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி வகை, நிக்கானில் சுமார் 23.5க்கு 15.6, ஏறத்தாழ 367 சதுர மி.மீ. பெரியது சிறியதைவிட இரண்டேகால் மடங்குக்குச் சற்றுக் கூட. அவ்வளவு வெளிச்சம் கூடுதலாகச் சேகரிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, லென்ஸுக்கு வாருங்கள். கேமராவோடு கொடுக்கிற சாதாரண ஜூம் லென்ஸை முழுதாக இழுத்தால் பெரும்பாலும் எஃப் 5.6 தான் திறக்கும். ஒரு சின்ன 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். எஃப் எண் சிறுத்தால் ஓட்டை பெருக்கும், வெளிச்சம் அந்த எண்ணின் வர்க்கத்தில் கூடும். 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள், ஏறத்தாழ பத்து மடங்கு! நம் கலையரங்கில் மாலை நாடகம் நடக்கிறது. 5.6இல் பத்தில் ஒரு விநாடி ஷட்டர் வேண்டும் என்றால் நடிகர் அசைந்ததும் படம் கலங்கிப்போகும். 1.8இல் நூறில் ஒரு விநாடியில் எடுத்துவிடலாம். பெட்டியை மாற்றினால் இரண்டேகால், ஓட்டையை மாற்றினால் பத்து. வங்கிக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

'எல்லார் பையிலும் போன் இருக்கே, கேமரா எதுக்கு சார்?' என்று ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் நிற்கிற ஆளை எடுக்கப் போன் போதும். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல போன்கள் பலவற்றில்கூட சென்சார் 100 சதுர மி.மீ.க்கும் கீழேதான். கூந்தன்குளத்தில் தூரத்தில் இறங்கும் வரித்தலை வாத்தை அது எட்டிப் பிடிக்காது. இருட்டில் தடுமாறும். எட்ட வேண்டும், இருட்டில் எடுக்க வேண்டும், பின்னணியை மங்கலாக்கி முகத்தை மட்டும் நிறுத்த வேண்டும், இந்த மூன்றில் ஒன்று தேவைப்படும்போது கேமரா வாங்குங்கள். தேவைப்படாதவரை போனிலேயே வெளிச்சத்தைப் பார்க்கப் பழகுங்கள்.

அடுத்து மெகாபிக்சல் பைத்தியம். 24 மெகாபிக்சல் படம் என்றால் அகலம் 6000 புள்ளி, உயரம் 4000. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 20க்கு 13 அங்குலம் வரும். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலரின் பக்கத்தைவிட அது பெரிது! படம் கடைசியில் எங்கே போய்ச் சேரப் போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் கொடுக்கிற காசு வீண்.

சரி, பெட்டி எது? இங்கேதான் அந்த மஞ்சள் துணி லென்ஸ் தீர்ப்புச் சொன்னது. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. பழைய லென்ஸ்கள் பல, பின்னாளில் வந்த டிஜிட்டல் எஸ்எல்ஆர்களிலும் மாட்டும். ஆனால் மாட்டுவது வேறு, வேலை செய்வது வேறு. உதாரணத்துக்கு டி5600 என்ற மாடலில் இந்த 105ஐ மாட்டலாம், வெளிச்ச அளவு மட்டும் காட்டாது. 2015இல் வந்த டி7200இல் லென்ஸின் விவரத்தைப் பதிந்துவிட்டால் ஒழுங்காக அளவு காட்டும். அப்படியென்றால் அதற்கு அடுத்து 2017இல் வந்த டி7500 இன்னும் நன்றாகக் காட்டும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். பழைய லென்ஸின் வளையத்தைப் படிக்கிற அந்தச் சின்ன நெம்புகோலை அதில் எடுத்துவிட்டார்கள்! இரண்டு மெமரி கார்டு போடும் வசதியையும் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். புதியது எல்லாம் மேலானது அல்ல என்பதை அன்று படித்தேன்.

நிக்கான், கேனான் இரண்டும் 2020க்குப் பிறகு புதிய டிஜிட்டல் எஸ்எல்ஆர் மாடல் விடவில்லை, எல்லாம் மிர்ரர்லெஸ் பக்கம் போய்விட்டன. அதனால் பலர் பழையதை விற்றுவிட்டு மாறுகிறார்கள். அவர்கள் விற்பதை நாம் வாங்கலாம். ஆக, கணக்கு இப்படி முடிந்தது. நாங்கள் வாங்கிய அன்றைய விலை இது, நாளைக்கு மாறும். விகிதத்தை மட்டும் மனசில் வையுங்கள்.

டி7200 உடல் இரண்டு, செகண்ட்ஹேண்ட் – 66,000
35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், செகண்ட்ஹேண்ட் – 9,000
18–140 ஜூம், செகண்ட்ஹேண்ட் – 12,000
70–300 ஜூம், பறவைக்கும் தேருக்கும் – 17,000
ஃபிளாஷ் ஒன்று – 10,000
முக்காலி – 6,500
மெமரி கார்டுகள் – 4,000
கூடுதல் பேட்டரிகள் – 4,000
ஈரம் புகாத அலமாரி – 9,500
பழுதுக்கென்று ஒதுக்கியது – 12,000
மொத்தம் – 1,50,000 ரூபாய்

பாதிக்குக் குறைவாகத்தான் பெட்டிக்குப் போனது. கால் பங்கு லென்ஸுக்கு. கடைசி இரண்டு வரியைப் பார்த்து நண்பர்கள் சிரித்தார்கள். "வங்கிக்காரன் புத்திய காட்டிட்டான், அலமாரிக்கும் ரிசர்வுக்குமா காசு?" என்றார்கள். சிரியுங்கள். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் லென்ஸைத் தோல் பைக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், சிலந்தி வலை மாதிரி நூல் ஓடும். அலமாரிக்குக் காசில்லை என்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் பையில் மட்டும் நிரந்தரமாகக் குடி வைக்காதீர்கள்.

பழையது வாங்கப் போகிறவர்களுக்கு அண்ணாச்சி மகன் சொல்லிக்கொடுத்த பரீட்சைகள் இவை. லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள், நூலோ படலமோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். துளையின் இதழ்களில் எண்ணெய்ப் பசை கூடாது. எஃப் 16இல் வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சாரில் அழுக்கு இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பது நிக்கானில் படத்தின் கோப்பிலேயே பதிவாகும். டி7200இன் ஷட்டரை 1,50,000 தடவை வரை சோதித்ததாக நிறுவனம் சொல்கிறது. நாங்கள் வாங்கியவை முப்பதாயிரத்தைத் தாண்டவில்லை. பில்லும் வரிசை எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முகத்தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

இப்படி ஒட்டுப் போட்டுப் படம் எடுப்பது மதிப்புக் குறைவோ என்று யாராவது நினைத்தால் ஒரு பெரியவரைச் சொல்கிறேன். திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன். 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். யானையும் காட்டெருமையும் அவர் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். எந்தக் கேமராவில்? ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், நடுவில் தானே சேர்த்து மாட்டிய பாகங்கள். அந்தக் கதம்பத்துக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். கனவுக் கேமரா கடையில்தான் கிடைக்கும் என்று யார் சொன்னது?

கதையை முடிக்கிறேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

வாங்கி வந்த அன்று அந்த 105ஐ டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே பூஞ்சை. பீரோவில் இருந்த வருஷங்கள் தன் வேலையைக் காட்டியிருந்தன. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் மனைவியிடம் என்ன சொல்வது? எல்லோரும் சிரித்த அந்த ரிசர்விலிருந்து முதல் செலவு அதற்குத்தான். 1,800 ரூபாய். அண்ணாச்சி மகன் பிரித்துத் துடைத்தார். ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு மிச்சம், படத்தில் தெரியாது. பேச்சைக் குறைத்துக்கொண்ட என் பெங்களூர் நண்பர் அன்று பக்கத்தில் நின்றார். "சரி டே, உன் கணக்கு ஜெயிச்சிட்டு" என்றார். பிறகு தன் சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு இன்னொரு முக்காலி வாங்கிக் கொடுத்தார். ஜெயித்தது என் கணக்கு அல்ல, அவன் மஞ்சள் துணி.

போன மாதம் கழகத்தில் ஒரு மாணவி, வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளை, அந்த லென்ஸை வாங்கிக்கொண்டு போனாள். அதில் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. கையால் திருப்பித்தான் குவிக்க வேண்டும். "மெதுவா எடு தாயி, அவசரமில்ல" என்று சொல்லி அனுப்பினேன். வாசல் திண்ணையில், முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றுகிற தன் ஆச்சியைக் காலை வெளிச்சத்தில் எடுத்து வந்தாள். இந்த மலரின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். ஆச்சியிடம் காட்டினாளாம். "எம்புட்டு சுருக்கம்லா விழுந்திருக்கு!" என்று முதலில் கோபமாம். ராத்திரி கூப்பிட்டு, "இத ஒண்ணு பெருசா போட்டுக் குடு. பின்னால தேவைப்படும்" என்றாளாம்.

எங்களுக்கு மாஸ்டர் ஞாபகம் வந்தது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் பத்தாயிரம் இருக்கலாம், ஒரு லட்சம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கேமரா கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் வீட்டில் இதுவரை யார் முகம் ஒழுங்காகப் படத்தில் வரவில்லையோ, அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து இந்த வாரமே ஒரு படம் எடுங்கள், போனிலாவது. எதுக்கு வேணும் என்ற கேள்விக்கு அதுதான் பதில். எவ்வளவு வேணும் என்பது பிறகு தானாகத் தெரியும்.